மஞ்சள் லேபிள் பாட்டில்

பிப்ரவரி 8, சனி

சாயங்காலம் புதிய பாட்டிலைத் திறந்தோம். போன வாரம் கப்பலிலிருந்து இறங்கி வந்த என் வீட்டுக்காரர் எபி, பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே கைக்குழந்தையைப் போலப் பொதிந்து கொண்டுவந்தது. அதே மஞ்சள் லேபிள், அதே தகர மூடி. அமெரிக்கக் கடைகளில் இது அடித்தட்டில், குனிந்து எடுக்கிற இடத்தில் இருக்குமாம். கூட வேலை பார்க்கும் இன்ஜினியர்கள் ஸ்காட்ச் வாங்குவார்கள். இவர் இதைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றால் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். விலை கூடியதை ரசிக்க பர்ஸ் போதும். மலிவானதில் நல்லதைக் கண்டுபிடிக்கத்தான் நாக்கு வேண்டும். அது என்னிடம் இருக்கிறது.

சோளத்தில் காய்ச்சி, உள்பக்கம் கருக்கிய புது மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் போட்டு வைக்கிற சரக்குதான் இந்தப் பர்பன். முதன்முதலில் எபி ஊற்றித் தந்தபோது, "இதுல உடன்குடிக் கருப்பட்டி காய்ச்சுத வாசம் வருதே" என்றேன். பாகு இறக்குகிற நேரத்து வாசம். கூடவே கொஞ்சம் புகை, கடைசியில் வெனிலா பிஸ்கட். அன்றிலிருந்து அவர் விடுப்பில் வந்தால் சனிக்கிழமை சாயங்காலம் மாடி அறையில் ஆளுக்கு ஒரு விரல் அளவு, அதில் ஒரு கரண்டித் தண்ணீர். அவர் இல்லாத சனிக்கிழமைகளில் நான் மட்டும். அதற்கு மேல் கிடையாது.

கீழே அத்தை, எபியின் அம்மா, இருக்கிறார்கள். சாலோமி டீச்சர் என்றால் பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு இன்னமும் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, சபையில் மதுவிலக்குக் கூட்டம் நடத்தியவர்கள். மாடியில் நடப்பது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. பாட்டிலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "அந்தச் சாமான்".

எல்லாம் சரி. ஆனால் இன்று ருசி குறைந்தது. வெளுத்துப்போன மாதிரி. முடிவில் நாக்கோரத்தில் ஆணியை நக்கியது போல ஒன்று.

"அதே பாட்டில்தானட்டி. ஒனக்கு வேற சோலி இல்ல" என்கிறார் எபி.

பிப்ரவரி 15, சனி

இன்றும் அதே கதை. கருப்பட்டி வாசம் மூக்கு வரை வருகிறது. நாக்குக்கு இறங்கினால் காணோம்.

ஒரு பாட்டிலுக்கும் அடுத்த பாட்டிலுக்கும் இவ்வளவு வித்தியாசம் வருமா? வரலாம். கிட்டங்கியின் மேல்தட்டில் வெயில் வாங்கின பீப்பாய்க்கு ஒரு ருசி, அடியில் குளிர்ந்து கிடந்ததற்கு ஒரு ருசி. விலை கூடிய சரக்கென்றால் அந்த வித்தியாசத்தையே பெருமையாகச் சொல்லி விற்றுவிடுவார்கள். மலிவுச் சரக்குக்கு அந்தச் சலுகை இல்லை. நூற்றுக்கணக்கான பீப்பாய்களைக் கலந்து எப்போதும் ஒரே ருசிக்குக் கொண்டுவந்தாக வேண்டும். "சரி, அனுப்பு" என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கும். என் மனதில் அது ஒரு பெண். என்னைப் போல நாற்பதைத் தாண்டியவள், கண்ணாடி போட்டவள்.

என் பிழைப்பும் அதுதானே. கங்கைகொண்டானில் எங்கள் கம்பெனி போடுவது சுக்குக் கருப்பட்டிக் காப்பித் தூள். பருவம் தொடங்கும்போது வருகிற கருப்பட்டி ஒரு மாதிரி, முடியும்போது வருவது வேறு மாதிரி. பாக்கெட் மட்டும் மாறவே கூடாது. ஐந்து பேர் கொண்ட சுவைக்குழு அதைப் பார்த்துக்கொள்கிறது. அதற்குத் தலைவி நான். ஒரு தொகுதித் தூளை நான் நிறுத்தினால் நின்றது நின்றதுதான்.

ஆகவே அந்தக் கண்ணாடிக்காரி மேல் இன்று எனக்குக் கோபம். என்ன தாயி பார்த்து அனுப்பினாய்?

பிப்ரவரி 19, புதன்

ஆலை மேலாளர் குமரகுருபரன் சார் கூப்பிட்டு அனுப்பினார். மார்ச் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்து சுவைக்குழுவுக்குப் பரீட்சை வைக்கப் போகிறார்களாம். தேறினவர்கள்தான் குழுவில் இருக்க முடியும்.

"மேடம், டிசம்பர் காய்ச்சலுக்குப் பொறவு நீங்க தடுமாறுதீங்க. பரீச்சைக்கு முன்னாலேயே ஆவணப் பிரிவுக்கு மாத்திக்கிடலாமே. மரியாதையா இருக்கும். ஏசி ரூமு வேற."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிகிறது.

அவர் சொல்வதில் பொய் இல்லை. காய்ச்சலில் மூக்கு அடியோடு செத்துக் கிடந்தது. ஓமத்தைக் கசக்கி வைத்தாலும் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் கேக் அட்டையைத் தின்கிற மாதிரி இருந்தது. ஜனவரியில் வாசம் திரும்பி வந்தது. முழுக்க வந்துவிட்டது என்றுதான் நம்பினேன். ஆனால் இந்த மாதம் கம்பெனியில் இரண்டு தடவை சரியாகச் சொல்லிவிட்டு, அப்புறம் பயந்து மாற்றிச் சொல்லி மாட்டிக்கொண்டேன். எதற்குப் பயந்தேன்? அந்தப் பாட்டிலால்தான்.

ஏனென்றால் பாட்டில் மாறியிருந்தால் என் நாக்கு நன்றாக இருக்கிறது. பாட்டில் மாறவில்லை என்றால்?

பிப்ரவரி 22, சனி

மறுபடியும் ஆணி. ஒரு மடக்கோடு வைத்துவிட்டேன்.

எபி இறங்கிப் போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டதிலிருந்து குழாயில் கலங்கலாக வருகிறது. தெளியவைத்து, கொதிக்கவைத்து அடுப்புக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்கிறோம். குடிக்கக் கேன் தண்ணீர். அதற்கும் அத்தை லேசில் சம்மதிக்கவில்லை. கேன் போடுகிற செந்தூர்பாண்டியை வாசலில் நிறுத்தி, "தாமிரபரணித் தண்ணிதானா? சத்தியமா சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். முதல் டம்ளரைக் குடித்துவிட்டு, "ஆத்துத் தண்ணி ஆத்துத் தண்ணிதான். தேனு" என்று சான்றிதழும் கொடுத்தார்கள்.

குடித்தேன். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 1, சனி

புதன்கிழமை லெந்து, நாற்பது நாள் தவக்காலம், தொடங்குகிறது. ஈஸ்டர் வரைக்கும் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அது நானாக வைத்துக்கொண்ட கட்டு. அதற்குள் இதைத் தீர்த்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

பழைய பாட்டிலில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வழி எனக்குத் தெரிந்ததுதான்: மூன்று கிளாஸ். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் வேறு. எது வேறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். ஆனால் யார் ஊற்றுவது? எபியின் முகம் கண்ணாடி அலமாரி. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். கண்ணைத் திறந்த உடனே விடையைப் படித்துவிடலாம்.

வெட்கத்தை விட்டுக் கீழே போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், கம்பெனி, ஆவணப் பிரிவு, பாட்டில். அவர்கள் ஒரே ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

"பரீச்சைன்னா சொல்லுத?"

"ஆமா அத்தை."

"பரீச்சைன்னா கண்காணிக்க ஆள் வேணும்லா. வாரேன். ஆனா அந்தச் சாமான நான் தொட மாட்டேன்."

வெள்ளைச் சேலையின் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சனிக்கிழமை சாயங்காலம் மாடியேறி வந்தார்கள். எபி ஊற்றுவதைப் பார்த்தார்கள். அளவு கூடக்குறைய விழுந்தது. பொறுக்கவில்லை. "தள்ளுலே, ஒரு வேலையும் ஒழுங்கா செய்யத் தெரியாது" என்று கரித்துணியைச் சுற்றிக்கொண்டு பாட்டிலைத் தாங்களே எடுத்துவிட்டார்கள்! வெண்டைக்காய் வெட்டுகிற கவனத்தோடு மூன்று கிளாசிலும் ஒரே மட்டத்துக்கு ஊற்றினார்கள். நான் வழக்கம்போலத் தண்ணீருக்குக் கை நீட்டினேன். அடித்துவிட்டார்கள்.

"தண்ணிய கலந்தா அளவு மாறும். பரீச்சைன்னா எல்லாருக்கும் ஒரே வினாத்தாள்."

நாலு சுற்று. ஒன்றுதான் சரி. அதுவும் குருட்டாம்போக்கில். பழையதும் புதியதும் ஒன்றுபோல இருந்தன. இரண்டுமே நன்றாக, முன்பு இருந்த மாதிரியே இருந்தன. அதுதான் அடி. பாட்டிலில் குற்றமே இல்லை. அப்போ குத்தம் என் நாக்குலதான? ஒரு சனிக்கிழமை நல்லாருக்கு, ஒரு சனிக்கிழமை கெட்டுப்போவுது — இந்த நாக்க நம்பி எவன் லோடு அனுப்புவான்?

அத்தை கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்தார்கள். போகும்போது, "பெயில்னு ஒண்ணு கிடையாதுட்டி. அடுத்த வாட்டி எழுதலாம்" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருப்பார்களோ.

மார்ச் 2, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவே இல்லை.

மார்ச் 5, புதன்

இரண்டு பாட்டிலையும் பீரோ மேல் ஏற்றிவிட்டேன். லெந்து.

மார்ச் 7, வெள்ளி

எபி கப்பலேறக் கிளம்பிவிட்டார். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகு, "ஏட்டி, ஒன் நாக்க நான் நம்புதேன். நீ நம்பலன்னா அது ஒன் இஷ்டம்" என்றார். ஆட்டோ தோண்டிப் போட்ட தெருவில் குலுங்கிக் குலுங்கிப் போனது. நன்றாகச் சொன்னீர்கள் போங்கள்.

திங்கட்கிழமை குமரகுருபரன் சாரிடம் ஆவணப் பிரிவுக்குச் சம்மதம் சொல்லிவிடலாமா?

மார்ச் 10, திங்கள்

சொல்லவில்லை. வாய் வரவில்லை. வெள்ளி வரைக்கும் யோசிக்கிறேன் என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்று நிறைய எழுதப் போகிறேன். சந்தோஷத்தில்.

காலையில் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அத்தை கேன் தண்ணீரிலேயே காப்பி போட்டுவிட்டார்கள். டம்ளரை வாயில் வைத்தேன். ஆணி! அதே ஆணி, நாக்கின் அதே ஓரத்தில். பர்பன் குடித்து எத்தனையோ நாளாயிற்று, பாட்டில் பீரோ மேல் இருக்கிறது, காப்பியில் எப்படி அந்த ருசி வரும்?

டம்ளரும் கையுமாக அடுக்களையில் அப்படியே நின்றேன். ஒவ்வொன்றாக உறைத்தது. மற்ற நாளெல்லாம் காப்பி குழாய்த் தண்ணீரில். காப்பி நன்றாக இருந்தது. சனிக்கிழமைகளில் பர்பனில் ஒரு கரண்டிக் கேன் தண்ணீர். பர்பன் கெட்டது. பரீட்சை அன்று அத்தை தண்ணீரைத் தடுத்தார்கள். பர்பன் நன்றாக இருந்தது. போன விடுப்பில் தெருவைத் தோண்டவில்லை, கேனும் இல்லை. பழைய பாட்டில் முழுக்கக் குழாய்த் தண்ணீரோடுதான் போனது; காய்ச்சல் வந்ததிலிருந்து எபி வரும்வரை நான் அதைத் தொடவே இல்லை.

பாட்டிலும் மாறவில்லை, நாக்கும் மாறவில்லை. தண்ணீர் மாறியிருக்கிறது!

வெறுமனே குடிக்கும்போது ஏன் தெரியவில்லை? தினமும் வாயில் கிடப்பதை நாக்கு கண்டுகொள்ளாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் நடத்துகிற முதல் பாடமே அதுதான். என் வீட்டில் மறந்துவிட்டேன்.

"அத்தை, இந்தக் கேன் தண்ணி ஆத்துத் தண்ணி இல்ல."

அத்தைக்குச் சுருக்கென்று கோபம். "என்னட்டி பேசுத? எழுவத்தஞ்சு வருசமா இந்த ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்த ஒடம்பு இது. எனக்குத் தெரியாதா?"

"அப்போ பரீச்சை வைங்க. தண்ணிதான. லெந்துல தண்ணிக்குத் தடை கிடையாதே."

பரீட்சை என்ற சொல்லுக்கு அவர்கள் மறுப்புச் சொல்லவே மாட்டார்கள். ஆனால் குழாய்த் தண்ணீர் வரவேண்டும். கம்பெனிக்குப் போய்விட்டேன். குமரகுருபரன் சார் எதிரே வந்து, "என்ன முடிவு மேடம்?" என்றார்.

"பரீச்சை எழுதுதேன் சார்" என்றேன்.

மார்ச் 15, சனி

காலையில் குழாயில் தண்ணீர் தெளிவாகவே வந்தது. அத்தை அதைக் காய்ச்சி ஆறவைத்தார்கள். கேன் தண்ணீரையும் காய்ச்சி ஆறவைத்தார்கள். ஒரே வினாத்தாள் ஆயிற்றே. சாப்பாட்டு மேசையில் மூன்று எவர்சில்வர் டம்ளர். என் கண்ணில் துவாலை.

முதல் சுற்று — சொன்னேன். இரண்டாவது — சொன்னேன். டம்ளர் நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது, நான்காவது. எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரவில்லை. ஐந்தாவதில் மூன்று டம்ளரையும் குடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து குடித்தேன். பழைய பயம் எட்டிப் பார்த்தது. போ அந்தப் பக்கம் என்றேன்.

"அத்தை, இதுல வேற எதுவும் இல்ல. மூணும் ஆத்துத் தண்ணிதான். என்னைய ஏமாத்தப் பாக்கிய."

துவாலையை அவிழ்த்தேன். அத்தை கையில் செம்போடு நின்றுகொண்டிருந்தார்கள். மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம்.

"நூத்துக்கு நூறு" என்றார்கள். "நான் யாருக்கும் போட்டதில்ல. கேட்டுப் பாரு."

பிறகு, "எனக்கும் கட்டு" என்று துவாலையை வாங்கிக்கொண்டார்கள். நான் ஊற்றினேன். மூன்று சுற்றிலும் கேன் தண்ணீரைத்தான் ஆற்றுத் தண்ணீர் என்று அடித்துச் சொன்னார்கள். தேன் மாதிரி இருக்கிறதாம்! நான் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தலையணையை வாயில் வைத்துக்கொண்டுதான் சிரித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

கோயில் விட்டு வந்ததும் அத்தை செந்தூர்பாண்டிக்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில்தான்.

"ஏலே, நீ தாறது என்ன தண்ணி?"

"ஆத்துத் தண்ணிதான் டீச்சரம்மா."

"பைய யோசிச்சுச் சொல்லு. சத்தியம் பண்ணிருக்க."

அந்தப் பக்கம் கேன் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "ரோடு தோண்டுனதுல ஆத்துத் தண்ணி லாரி வர வழியில்ல டீச்சரம்மா. பொங்கலுக்குப் பொறவு போர்த் தண்ணிதான். சுத்தம் பண்ணித்தான் தாறேன், ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாது. வேற ஒருத்தரும் கண்டுபிடிக்கல. ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அத்தை என்னைப் பார்த்தார்கள். "எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

போர்த் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. ஒரு கரண்டியில், பர்பனுக்குள்ளே ஒளிந்து வந்த இரும்பு. அதை என் நாக்கு வாராவாரம் பிடித்துக் கொடுத்திருக்கிறது, நான்தான் அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தேன். கேடுகெட்ட நாக்கு என்று திட்டியதற்கெல்லாம் மன்னிச்சுக்கோ என் ராசாத்தி.

எபிக்குச் செய்தி அனுப்பினேன். எந்தக் கடலில் இருக்கிறாரோ.

மார்ச் 18, செவ்வாய்

எபியின் பதில்: "அப்போ அமெரிக்காக்காரன் தப்பிச்சுட்டான். செந்தூர்பாண்டி மாட்டிக்கிட்டான்."

மார்ச் 26, புதன்

பரீட்சை முடிந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்கள் பெயர் லில்லி. சிரிக்கவே சிரிக்காத அம்மா. நிற வித்தியாசம் தெரியாதபடி சிவப்பு விளக்குப் போட்ட அறை, வெள்ளைக் கிண்ணங்கள், வாய் கொப்பளிக்கத் தண்ணீர். தண்ணீரைத்தான் முதலில் ருசி பார்த்தேன். சுத்தம்.

எல்லாவற்றுக்கும் முதலில் தோன்றியதையே எழுதினேன். அழித்து எழுதவில்லை. மூன்று கிண்ணம் வைத்த ஒரு கேள்வியில் மட்டும் கை நின்றது. கேள்வித்தாளில் "எது இனிப்புக் கூடியது" என்றுதான் இருந்தது. நான் ஓரத்தில் எழுதினேன்: இனிப்பு மூன்றிலும் ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் உள்ளது முழுக் கருப்பட்டி இல்லை, சீனி சேர்ந்திருக்கிறது.

மத்தியானம் எல்லாரையும் உட்காரவைத்து முடிவு சொன்னார்கள். அந்தக் கிண்ணம் பொறி வைத்ததாம். போன இடங்களில் ஓரத்தில் அப்படி எழுதினவர்கள் அபூர்வமாம். "இவங்களை வெச்சுக்கிட்டு எதுக்குங்க ஆவணப் பிரிவைப் பத்திப் பேசிட்டிருக்கீங்க?" என்று குமரகுருபரன் சாரைப் பார்த்துக் கேட்டார்கள். அப்போதுதான் அந்த அம்மா சிரித்ததைப் பார்த்தேன்.

சார் நல்ல மனிதர். எழுந்து வந்து கை குலுக்கினார். "ஏசி ரூம நான் எடுத்துக்கிடுதேன் மேடம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் ஜெயித்துவிட்டேன். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன்: ஜெயித்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது வண்ணாரப்பேட்டைப் பாலத்தில் ஜன்னலோரம் எட்டி ஆற்றைப் பார்த்தேன். கொஞ்சமாகத்தான் ஓடியது. போதும்.

ஏப்ரல் 5, சனி

தெருவை மூடித் தார் போட்டுவிட்டார்கள். குழாயில் தண்ணீர் தெளிவாக வருகிறது. கேனை நிறுத்தியாயிற்று. செந்தூர்பாண்டி காலி கேனை எடுக்க வந்தவன் வாசலிலேயே நின்று, "அக்கா, எங்க அங்கன ஒருநா வந்து எல்லாத் தண்ணியையும் பாத்துச் சொல்லுதியளா?" என்று கேட்டான். அத்தை உள்ளேயிருந்து, "மொதல்ல சத்தியத்த நிறுத்து" என்றார்கள்.

ஏப்ரல் 20, ஞாயிறு, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை. மத்தியானம் ஆட்டுக்கறி, சொதி. எபி போனில் வாழ்த்துச் சொன்னார். ஒரு துறைமுகத்தில் நிற்கிறதாம் கப்பல். அடித்தட்டில் இரண்டு மஞ்சள் லேபிள் இருக்கிறதாம், எதை எடுக்க என்று கேலி செய்தார். "எதை வேணாலும் எடுங்க, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்" என்றேன். அந்தக் கண்ணாடிக்காரி ஒழுங்கானவள். அவளைத் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் பீரோ மேலிருந்து பாட்டிலை இறக்கினேன். ஒரு விரல் அளவு ஊற்றினேன். தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தால், மாடிப்படியின் மேல்படியில் ஒரு செம்பு. மேலே சாசர் போட்டு மூடியிருந்தது. கூடவே ஒரு கரண்டி.

நான் கேட்கவில்லை. அத்தையே ஏறி வந்து வைத்திருக்கிறார்கள். கீழே ஞானப்பாட்டு முணுமுணுக்கிற சத்தம் கேட்டது.

ஒரு கரண்டி விட்டேன். பாகு இறக்குகிற வாசம் எழும்பி வந்தது. நாக்கில் இறங்கியது, அங்கேயே நின்றது. கருப்பட்டி, புகை, வெனிலா பிஸ்கட். எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன.

கீழே பாட்டு நின்றது.

"ஏட்டி டார்லின், ருசி ஒண்ணா இருக்கா?"

"ஒண்ணாத்தான் இருக்கு அத்தை."

"அப்போ சரி" என்றார்கள். விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது.